ஸ்டேஷன மாத்திட்டியா? ஜானர் கலந்த ஆல்பத்தைக் கேட்கப் பழகுவது

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மந்தைவெளி வீட்டு ஹால். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் தன் புளூடூத் ஸ்பீக்கரில் பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் குழுவின் ஆல்பத்தைப் போட்டிருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "என்னடி, ஸ்டேஷன மாத்திட்டியா?"

"இல்ல பாட்டி, அதே ஆல்பம்தான்."

"பாடறவங்க வேறயோ?"

"அதே நாலு பேரு."

அம்மா நம்பவில்லை. அவள் காசு கொடுத்து வாங்கிய கேசட்டெல்லாம் பக்திப் பாட்டு. ஏ சைடு, பி சைடு இரண்டிலும் ஒரே குரல், ஒரே மாதிரிப் பாட்டு. ஒரு சைடில் கோயில் மணி கேட்டால் மறு சைடிலும் கோயில் மணிதான். "நீங்களே சொல்லுங்க சித்தி" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள் அக்கா மகள். நானும் ஆரம்பித்தேன். அவரைக்காய் முடிந்து தேங்காய் துருவும் வரைக்கும் பேச்சு முடியவில்லை. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கே-பாப் என்ற கொரியப் பாப் இசையின் பக்கமே போகாதவர்களுக்கும், ஒரு தடவை கேட்டுவிட்டு 'ஒரே இரைச்சல்' என்று மூடிவைத்தவர்களுக்கும்.

முதலில் ஜானர். சினிமா வழியாக இந்தச் சொல் நமக்குப் பழகிவிட்டது. ஹாரர் காமெடி, திரில்லர் என்று டீக்கடையில்கூடப் பிரித்துப் பேசுகிறோம். பாட்டுக்கு அந்தச் சொல்லை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் விஷயம் தெரியாதவர்கள் இல்லை. கல்யாண ரிசப்ஷனில் "குத்து போடுங்க" என்று கத்தினால் பாட்டுக் குழுவில் யாரும் திருதிருவென்று விழிப்பதில்லை. ரேடியோவில் குத்துப் பாட்டு வந்தால் இரண்டு வினாடியில் கண்டுபிடித்துவிடுகிறோம். அதற்குள் யாரும் வாயைத் திறந்து பாடியிருக்க மாட்டார்கள். தாளம் விழுந்த விதத்திலேயே தோள் ஆட ஆரம்பித்துவிடுகிறது. அந்த இரண்டு வினாடியில் காதுக்கு என்ன தெரிந்ததோ அதுதான் ஜானர்.

நம்மூர்ப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குத்து என்பது தாளத்தை வைத்து வந்த பெயர். கானா என்றவுடன் வடசென்னை ஞாபகம் வருகிறது. சோகப் பாட்டு மனநிலையை வைத்து. பக்திப் பாட்டு எதற்காகப் பாடுகிறோம் என்பதை வைத்து. மெலடி என்றால் ஆங்கிலத்தில் வெறும் மெட்டு. நமக்கோ அது மெதுவான, இதமான பாட்டு. ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகோல்கள். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை.

மேற்கத்தியப் பெயர்களும் இதே லட்சணம்தான். ஹவுஸ் என்ற நடன இசைக்கு சிகாகோவில் இருந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பிலிருந்து பெயர் வந்தது. ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாக 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு பார்ட்டியைச் சொல்வார்கள். பாட்டின் தாளம் மட்டும் வரும் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆடவைத்த பார்ட்டி அது. ஆர் அண்ட் பி என்ற பெயர் வந்த கதை இன்னும் சுவாரசியம். கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளை 'இன இசைத்தட்டுகள்' என்று தனியாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை. அந்தத் தலைப்பு நன்றாக இல்லை என்று 1949-இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றினார்கள். அதாவது கடைக்காரருக்கும் பத்திரிகைக்கும் தேவைப்பட்ட ஒரு லேபிள்தான் பிறகு ஒரு இசை வகையின் பெயராக நிலைத்தது. அதனால் ஜானர் பெயர்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிற மாதிரி ஆல்பம் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு பாதி போய்விடும், அவர்கள் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் ஜானர் என்பது ஒரு பழக்கம். ஓர் இடத்தில் ஒரு கூட்டம் இசைக்காரர்களும் கேட்பவர்களும் சேர்ந்து, 'தாளம் இப்படி விழும், பேஸ் (அடியில் கேட்கும் கனத்த, தாழ்ந்த ஒலி) இப்படி நகரும், குரல் இந்த மாதிரி வரும்' என்று சொல்லாமலே ஒப்புக்கொண்ட பழக்கம். எந்த வாத்தியம் வாசிக்கிறார்கள் என்பதைவிட அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வயலின் கேட்டால் 'ஓ, கிளாசிக்கல்', கிட்டார் கேட்டால் 'ஓ, ராக்' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்பு கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மதராஸை ஒட்டிய மணலியில் தங்கியிருந்தது. அந்தக் காலத்தில் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஆங்கிலேய பேண்டு மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். அரசரை வாழ்த்தும் பிரிட்டிஷ் கீதத்தின் மெட்டுக்கே ஒரு சாகித்தியம் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று மார்கழியில் எந்தச் சபாவுக்குப் போனாலும் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலைப்பைப் பாதத்தில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி, கமகத்தோடு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்து, வாசிக்கிறார்கள். வாத்தியம் அதேதான், பழக்கம் முழுக்க வேறு. வயலின் இருப்பதால் கச்சேரியை யாரும் மேற்கத்திய இசை என்று சொல்வதில்லையே.

இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது அந்த ஆல்பத்துக்கு வருவோம்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது 'பார்ன் பிங்க்'. 2022 செப்டம்பர் 16-ஆம் தேதி வெளிவந்தது. எட்டே பாட்டு, மொத்தமாக 25 நிமிடம்கூட வராது. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி முதல் பாட்டைப் போட்டால் மயிலாப்பூர் தாண்டும்போது ஏறக்குறைய முடிந்துவிடும். ஜிசூ, ஜென்னி, ரோசே, லிசா என்று நான்கு பேர். 2016-இல் அறிமுகமான குழு. கொரியப் பெண்கள் குழு ஒன்றின் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது இதில்தான் முதல் முறை. தொடக்கக்காரர்களுக்கு இதைச் சொல்வதற்கு என் காரணம் வேறு: சின்ன ஆல்பம், ஆனால் கலப்பின் பல விதங்கள் இதற்குள் வெளிப்படையாகவே தெரிகின்றன.

அம்மாவின் காதைத் திருப்பியது இரண்டாவது பாட்டு, 'ஷட் டவுன்'. ஆரம்பமே வயலின். மேலே மேலே துள்ளி ஏறும் ஒரு மெட்டு. பகானினி என்ற இத்தாலிய வயலின் மேதை 1826-இல் எழுதிய இரண்டாவது வயலின் கான்செர்டோவின் (வயலினும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) கடைசிப் பகுதி அது. 'லா கம்பனெல்லா' என்று பெயர். சின்ன மணி என்று அர்த்தம். (பகானினி 1782-இல் பிறந்து 1840-இல் இறந்தார். தீட்சிதர் 1775-இல் பிறந்து 1835-இல் இறந்தார். இருவரும் ஒரே காலத்தவர்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை.)

அந்த வயலின் துண்டைக் கவனியுங்கள். பகானினியின் கையில் அந்த மெட்டு ஒரு கேள்வி கேட்கும், பதில் சொல்லும், அடுத்த இடத்துக்கு நகரும், நடுவில் மணி அடிக்கும், அப்புறம் இன்னும் கஷ்டமான வடிவத்தில் திரும்பி வரும். பயணம் போகிற இசை. 'ஷட் டவுன்' அதிலிருந்து ஒரு கீற்றை மட்டும் நறுக்கி வட்டமாக வளைத்துவிடுகிறது. செக்கு மாடு மாதிரி அது அங்கேயே சுற்றுகிறது. நான்கு பெண்களும் அந்த வட்டத்தின் மேல் நின்றுகொண்டு ராப் செய்கிறார்கள், பாடுகிறார்கள். இப்படி ஏற்கெனவே இருக்கும் இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுற்றவிடுவதற்குப் பெயர் சாம்பிளிங். சுற்றும் துண்டுக்குப் பெயர் லூப். 1973 பார்ட்டியிலிருந்து வந்த ஹிப் ஹாப்பின் அடிப்படைப் பழக்கமே இதுதான். ஆக, வாத்தியம் ஐரோப்பிய கிளாசிக்கல், மெட்டும் ஐரோப்பிய கிளாசிக்கல், ஆனால் பாட்டு ஹிப் ஹாப். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம வீட்டுப் பட்டுப் புடவைய வெட்டி அவங்க சுடிதார் தச்சுட்டாங்க" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

வயலினுக்குக் கீழே என்ன நடக்கிறது? ட்ராப் வகைத் தாளம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் வளர்ந்த ஹிப் ஹாப் கிளை அது. (நடனப் பாட்டுகளில் 'டிராப்' என்று வேறொன்று உண்டு, பாட்டு ஏறி ஏறிப் போய்த் திடீரென்று தாளத்தோடு உடைந்து விழும் இடம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, என்ன செய்வது.) ட்ராப்பை அடையாளம் காண இரண்டு விஷயம் போதும். ஒன்று, அடியில் 'தூம்ம்' என்று நீளமாக இழுபடும் பேஸ். ரோலண்ட் கம்பெனி 1980-இல் வெளியிட்ட 808 என்ற டிரம் மெஷினின் ஒலியிலிருந்து வந்தது. இன்றும் அந்த பேஸை இசைக்காரர்கள் '808' என்றுதான் சொல்கிறார்கள். இன்னொன்று, மேலே 'டிக் டிக் டிக்' என்று ஓடும் ஹை-ஹாட், அதாவது ஜால்ரா மாதிரியான ஜோடித் தட்டு. இது சும்மா ஓடாது. நிதானமாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று இரண்டு மடங்கு வேகம் எடுக்கும், அல்லது மூன்று மூன்றாக உருண்டுவிட்டுப் பழைய இடத்துக்கு வரும். மிருதங்கக்காரர் சதுஸ்ர நடையில், நான்கு நான்காக, வாசித்துக்கொண்டே வந்து ஒரு கணம் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ரத்துக்குத் தாவித் திரும்பினால் சபாவில் நாலு தலை ஆடுமே, அந்த வேலைதான். தாளம் மாறவில்லை, உள்ளே நிரப்பும் நடை மாறுகிறது. ட்ராப் கேட்டு 'மெஷின் சத்தம்' என்று முகம் சுளிக்கும் சங்கீத ரசிகர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம். அந்தப் பேஸ் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப அந்தக் குட்டி ஸ்பீக்கரால் முடியாது. பேஸ் இல்லாமல் கேட்டால் பாட்டின் பாதி காணாமல் போய், மீதிப் பாதி கீச்சென்று இருக்கும். பலர் 'இரைச்சல்' என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சாதாரண வயர் இயர்போன் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். ஷேர் ஆட்டோவில் நேர் எதிர்: சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைத்து பேஸை மட்டும் முதுகில் குத்துவார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், தாளத்தையும் பேஸையும் தனியாகப் பிரித்துக் கேட்க எனக்குப் பழக்கிவிட்டது ஷேர் ஆட்டோதான்.

அதையே முறையாகச் செய்யலாம். நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். காது முதலில் குரலுக்குப் போகும், அடுத்து வரிகளுக்கு. தாளமும் பேஸும் கடைசியில்தான். ஜானர் கலந்த பாட்டைக் கேட்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் தடவை தாளத்தை மட்டும் பிடியுங்கள். அடுத்த தடவை பேஸ். அப்புறம் நடுவில் என்ன வாத்தியம், அது ஓடுகிறதா சுற்றுகிறதா என்று பாருங்கள். குரல் கடைசியில். கொரிய மொழி தெரியாதது இதற்கு ஒரு வகையில் சௌகரியம். வார்த்தை காதைப் பிடித்து இழுக்காது.

இந்த வழியில் முதல் பாட்டான 'பிங்க் வெனம்' பக்கம் போனால், தொடக்கத்தில் ஒரு தந்தி வாத்தியம் அதிர்கிறது. அது கொமுங்கோ, கொரியாவின் பாரம்பரிய வாத்தியம். ஆறு தந்தி, வீணையைப் போலக் குறுக்கே கிடத்தி, பென்சில் அளவு மூங்கில் குச்சியால் தட்டி மீட்டுவார்கள். அதனால்தான் அந்தச் சத்தத்தில் மீட்டலோடு ஒரு 'டொக்'கும் சேர்ந்து வருகிறது. இங்கேயும் அதே கேள்வியைக் கேளுங்கள்: கொமுங்கோ கொமுங்கோவாக நடந்துகொள்கிறதா? இல்லை. ஒரு சின்னத் துண்டு, திரும்பத் திரும்ப. ஹிப் ஹாப்பின் பழக்கத்துக்கு அதுவும் வளைந்துவிட்டது.

இந்த இரண்டு பாட்டிலும் நடப்பது ஒரு விதமான கலப்பு. டிகாஷனும் பாலும் மாதிரி. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன, ஊற்றிய பிறகு பிரிக்க முடியாது.

இன்னொரு விதம், ஒட்டுப்போடுவது. ஒரே பாட்டுக்குள் ஒரு ஜானர் முடிந்து அடுத்தது தொடங்கும், தையல் வெளியே தெரியும். இதற்கு நான் கேட்டதிலேயே துணிச்சலான உதாரணம் கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரியப் பெண்கள் குழு 2013 ஜனவரி 1-ஆம் தேதி வெளியிட்ட 'ஐ காட் எ பாய்'. அப்போது அவர்கள் ஒன்பது பேர். பாட்டு ஹிப் ஹாப் நடையில் நிதானமாகத் தொடங்கும். திடீரென்று வேகம் மாறி டான்ஸ் பாட்டாகிவிடும், மறுபடி நிதானத்துக்கு இறங்கும், குரல்கள் உருகும். ஓர் இடத்தில் பாடுகிறவர்களே '140-க்குத் திரும்பலாம்' என்று அறிவித்துவிட்டு வேகத்தை ஏற்றுவார்கள். 140 என்பது பிபிஎம், அதாவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. கடிகாரம் நிமிடத்துக்கு 60 தட்டு. அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டின் தையலை மறைக்காமல், 'இதோ இங்கேதான் ஒட்டியிருக்கிறோம்' என்று காட்டிச் சிரிக்கிற அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும். முதல் தடவை கேட்டபோது மூன்று பாட்டைத் தவறாக ஒன்றாக அப்லோட் செய்துவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாவது விதம் கதம்பம். மல்லியும் மருவும் கனகாம்பரமும் ஒரே நாரில் இருக்கும், ஒவ்வொன்றும் தனியாகவே தெரியும். பாட்டுக்குப் பாட்டு ஜானர் மாறும் ஆல்பம் அப்படித்தான். 'பார்ன் பிங்க்'கின் பின்பாதி இதுதான். நான்காவது பாட்டான 'யெ யெ யெ' பழைய சிந்தசைசர் வாசனை அடிக்கும் பாப். ஜிசூவும் ரோசேவும் வரிகள் எழுதுவதில் பங்கெடுத்த பாட்டு. ஐந்தாவது ரோசே தனியாகப் பாடுவது. ஆறாவது பியானோவோடு வரும் பாலட், நம் கணக்கில் சுத்த மெலடி. ஏழாவது எலெக்ட்ரிக் கிட்டார். அதில் கெட்ட வார்த்தையும் உண்டு, வீட்டு ஹாலில் போடுவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஆடவைக்கும் எலெக்ட்ரானிக் பாப்.

என் கருத்தைக் கேட்டால், பின்பாதியில் ஒவ்வொரு பாட்டும் தன்னளவில் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் உள்ளே உரசல் குறைவு. கதம்பத்தைக் கலப்பு என்று சொல்வதிலேயே எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அக்கா மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவளுக்கு நான்காவது பாட்டுதான் உயிர். "சும்மா நல்லா இருந்தா போதாதா சித்தி?" என்கிறாள். நியாயமான கேள்விதான்.

தாளத்தை மட்டும் கடன் வாங்குவதும் உண்டு. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். லெ செராஃபிம் குழுவின் 'ஆன்டிஃபிராஜைல்', 2022 அக்டோபரில் வந்தது. கொரியப் பாட்டு, ஆனால் அடியில் ஓடுவது ரெகேட்டோன். பனாமாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் வளர்ந்த தாளம் அது. இதைச் சொல்லித்தர எனக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. காலால் சீராக நான்கு தட்டு தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு எழுத்து. கையால் ஒவ்வொரு 'த'விலும் மட்டும் தட்டுங்கள். கால் நான்கு முறை விழும்போது கை மூன்று முறை விழும். முதல் தட்டில் இரண்டும் சேரும், நடுவில் கை தனியே நழுவும், கடைசியில் மறுபடி சந்திக்கும். அந்த நழுவல்தான் இடுப்பை ஆட்டுகிறது. இந்தக் கணக்கு கரீபியனுக்கு மட்டும் சொந்தமில்லை, நம் தவில்காரர்களுக்கும் தெரியும். ஆனால் எந்த ஒலியில், எந்த வேகத்தில், எத்தனை நேரம் விடாமல் அடிப்பது என்பதில்தான் ரெகேட்டோன் ரெகேட்டோனாகிறது.

சரி, ஏன் பெண்கள் குழுக்களிடம் இந்தக் கலப்பு இவ்வளவு அதிகமாக இருக்கிறது? முதல் காரணம் ரொம்ப எளிமை, ஆட்கள் பலர். தனிப் பாடகிக்கு ஒரு குரல், அதற்கு ஒத்துவரும் ஒன்றிரண்டு ஜானர். குழுவில் அப்படியில்லை. பிளாக்பிங்க்கில் ராப் பெரும்பாலும் ஜென்னியும் லிசாவும், பாடுவது பெரும்பாலும் ரோசேவும் ஜிசூவும். குரல் கை மாறும்போதே ஜானரும் கை மாறிவிடும். இது கே-பாப் கண்டுபிடித்தது இல்லை. அட்லாண்டாவின் டிஎல்சி குழு 1994-இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒருத்தி தாழ்ந்த கரகரக் குரலில் பாடுவாள், இன்னொருத்தி இழைத்துப் பாடுவாள், மூன்றாமவள் நடுவில் ராப்போடு நுழைவாள். அமெரிக்காவில் அது ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அதற்கு முன்னால் டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. 1959-இல் தொடங்கியது. தேவாலயப் பாட்டில் பழகிய குரல், பாப் மெட்டு, நகரத்து சிம்பொனிக் குழுவிலிருந்து கூப்பிட்டு வந்த வயலின்கள். அந்தக் கூட்டில் சுப்ரீம்ஸ் என்ற மூன்று பெண்கள் 1964-க்கும் 1969-க்கும் இடையில் 12 பாட்டுகளை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது காரணம் வியாபாரம். கொரியா சின்ன நாடு. அங்கே தயாரான பாட்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் விற்க வேண்டும். ஒரு ஆல்பத்துக்குப் பல நாட்டுப் பாடலாசிரியர்களும் தயாரிப்பாளர்களும் வேலை செய்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து மெட்டு வாங்குவது அங்கே சாதாரணம். ஆளுக்கு ஒரு பழக்கத்தோடு வந்தால் கலக்காமல் என்ன செய்யும்?

இதில் மனசைக் கொஞ்சம் உறுத்தும் விஷயமும் உண்டு, அதை மறைத்து எழுதுவது நேர்மையாக இருக்காது. ராப்பும் ட்ராப்பும் ஆர் அண்ட் பியும் கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தவை. ஒலியை எடுத்துக்கொண்டு, அதை உருவாக்கியவர்களை மறந்துவிடுவது சுலபம். சென்னையில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள எங்கேயும் போக வேண்டாம். பறையையும் கானாவையும் சாவு வீட்டுச் சத்தம் என்று ஒதுக்கிய அதே ஊர், சினிமாவில் வந்தவுடன் எழுந்து ஆடியது. வாசித்த தெருக்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அதனால் ஒரு பாட்டு பிடித்துப்போனால் அதன் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பாருங்கள் என்று அக்கா மகளிடம் சொல்வேன். 'ஷட் டவுன்' வழியாக அவள் பகானினிக்கும் போனாள், அட்லாண்டா ராப்புக்கும் போனாள். இரண்டாவதை இயர்போனில் கேட்கிறாள், வீட்டில் நிம்மதி.

அடுத்து என்ன கேட்கலாம் என்பவர்களுக்கு: லாஸ் ஏஞ்சலஸைத் தளமாகக் கொண்ட கேட்ஸ்ஐ குழு 2025 ஜூனில் வெளியிட்ட 'பியூட்டிஃபுல் கேயாஸ்'. ஐந்தே பாட்டு. ஒன்றில் ஒலியைக் கசக்கிப் பிழிந்து, உலோகம் உரசுகிற மாதிரி ஆக்கியிருப்பார்கள். ஹைப்பர்பாப் என்று சொல்லும் வகை. இன்னொன்றில் ஸ்பானிய கிட்டாரோடு லத்தீன் பாப். குழுவில் இருக்கும் லாரா ராஜ் தமிழ் வம்சாவளிப் பெண். எங்கள் வீட்டில் இந்தச் செய்தி ஒரு வாரம் ஓடியது. அம்மா அதுவரைக்கும் அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை, ஆனாலும் "நம்ம பொண்ணு" என்று கீழ்வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

போன வாரம் அந்த ரெகேட்டோன் பாட்டை ஹாலில் போட்டோம். அம்மா இந்த முறை ஸ்டேஷன் பற்றிக் கேட்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் முறத்தின் விளிம்பில் விரலால் தட்டினாள். தகிட தகிட தக. இரண்டு சுற்று சரியாக வந்தது, மூன்றாவதில் தவறிவிட்டது. "மறுபடி மொதல்லேர்ந்து போடு" என்றாள்.